ஏஜென்ட் ஏகாம்பரத்தின் இடது கால்

என் காலைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தன் வந்து வரப்பில் நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதுவும் காலை பத்து மணிக்கு, உப்பை வாரிக் கூடையில் போட்டுத் தலைக்கு ஏற்றுகிற நேரத்தில். மேலே வெயில், கீழே உப்புத் தண்ணீர், நடுவில் இவன். பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் உங்க காலைக் காட்டுங்க" என்றான்.

"செருப்பக் காட்டுறேன், பாக்குறியா?" என்றேன். பாத்தியில் யாரும் செருப்போடு இறங்க மாட்டோம். என் செருப்பு அந்தக் கரையில் கிடந்தது. அது அவனுடைய நல்ல நேரம்.

பக்கத்துப் பாத்தியிலிருந்து பாஞ்சாலை கூடையை இறக்கிவிட்டு வந்துவிட்டாள். பதினெட்டு வருஷமாக மரக்காணத்து உப்பளத்தில் நானும் அவளும் ஜோடி. நான் ஒரு வார்த்தை திட்டினால் மீதி ஒன்பதை அவள் திட்டுவாள். "ஏம்பா, பொம்பளைங்க வேல செய்யற எடத்துல உனக்கு என்னா வேல? மேஸ்திரியக் கூப்புடவா?" என்று சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அவன் ஓடவில்லை. கணுக்கால் அளவு தண்ணீரில் தெரிந்த என் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

என் இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஒன்பது வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்தேன். கட்டு போட்டவர் எங்கே பார்த்துக்கொண்டு போட்டாரோ, பாதம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை நடக்கவிடாமல் பாயில் உட்கார வைத்தே காட்டினார்கள். அந்தக் காலைத்தான் இவன் புதையல் கிடைத்தவன் மாதிரிப் பார்த்தான். "நீங்கதான்க்கா. சத்தியமா நீங்கதான்" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. கோபம் இருந்த இடத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

பிறகுதான் உட்கார வைத்து விசாரித்தோம். பெயர் தமிழரசன், ஊர் இடையஞ்சாவடி. ஆரோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்ட்டூன் சினிமா எடுத்தார்களாம். 'ஏஜென்ட் ஏகாம்பரம்' என்று பெயர். ரகசிய உளவாளிகளைக் கிண்டல் பண்ணுகிற படம். பொம்மைக்கு உயிர் கொடுக்கிற வேலை இவனுக்கு. ஏகாம்பரம் எப்படி நடப்பான், எப்படிக் குனிவான், எப்படி ஓடுவான் எல்லாம் இவன் கைதான். மூன்று வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்திருக்கிறார்கள். படம் மூன்றே நாள் ஓடியது. போஸ்டரைப் பார்த்துவிட்டு ஏதோ இன்ஷூரன்ஸ் விளம்பரம் என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்களாம். ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இவன் அன்றிலிருந்து கல்யாண பேனர், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறான்.

"அதுக்கும் என் காலுக்கும் என்னாடா சம்பந்தம்?" என்றேன்.

அவன் போனை எடுத்தான். திண்டிவனத்தில் சித்தார்த்தன் என்று ஒரு பையன் ஊத்திக்கொண்ட படங்களைப் பற்றி யூடியூபில் பேசுகிறானாம். 'ஏகாம்பரம் பற்றி யாருக்கும் தெரியாத பத்து உண்மைகள்' என்று போன வாரம் ஒன்று போட்டிருந்தான். வில்லனின் சிரிப்பு, ஸ்டுடியோவில் இருந்த பழைய ஜெனரேட்டர் கிளம்புகிற சத்தமாம். ராக்கெட் வெடிக்கிறது, எண்ணெயில் ஈர மிளகாயைப் போட்டு எடுத்த சத்தமாம். ஏதோ ஃபைல் திறக்காமல் போய், பதினோரு நிமிஷத்துக்கு ஏகாம்பரத்துக்கு மீசையே இல்லையாம். மீசையை வில்லன் கடத்திவிட்டான் என்று கடைசி நேரத்தில் ஒரு வசனம் சேர்த்துச் சமாளித்தார்களாம். கதாநாயகிக்குக் குரல் கொடுத்தது டீ கொண்டுவருகிற ஆளாம். பாஞ்சாலை அந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி அசோகன் தூரத்திலிருந்து விசில் அடித்தார்.

"இதெல்லாம் நெசமாடா?" என்றேன்.

"எல்லாமே நெசம்க்கா. ஏழாவதத் தவுர."

ஏழாவது உண்மை இது. ஏகாம்பரம் எந்த இடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தாலும், முதலில் குனிந்து இடது கையால் தரையைத் தொடுவான், இடது கண்ணில் ஒற்றிக்கொள்வான், உடனே அந்தக் கண்ணை மட்டும் ஒருமுறை இறுக்கி மூடித் திறப்பான். பிறகு இடது காலை வெளியே வீசி வீசி நடப்பான். படம் வந்தபோதே இதைத்தான் எல்லோரும் கிழித்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படத்தில் எதற்கு இத்தனை கண்ணடி என்று. வில்லனின் மனைவி தோசை சுடும்போது சமையல்கட்டுக்குள் நுழைந்து கண்ணடித்தானாம், அதோடு குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். இப்போது சித்தார்த்தன் சொல்கிறான், அந்த நடையும் கண்ணடியும் ஐரோப்பாவில் வந்த ஏதோ பழைய கார்ட்டூனிலிருந்து அப்படியே திருடியதாம். எந்தக் கார்ட்டூன் என்று அவனே சொல்லவில்லை. ஏழு லட்சம் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். படத்தை ஏழாயிரம் பேர்கூடப் பார்க்கவில்லை.

"சென்னையில ஒரு கம்பெனியில கூப்ட்டாங்கக்கா. புள்ளைங்களுக்கு ஒரு தொடர் பண்றாங்க, நான்தான் ஹெட்டு. ஆர்டர் டைப் பண்ணி வெச்சிட்டாங்க. இந்த வீடியோவப் பாத்துட்டு நிறுத்திட்டாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள திருடலன்னு காட்டு, இல்லன்னா வேற ஆளப் பாக்குறோம்னு சொல்லிட்டாங்க." போனை அணைத்தான். "நான் திருடலக்கா. படம் ஆரம்பிச்ச புதுசுல, கழுவெளி ஏரியில பறவைங்கள எடுக்கக் கேமராவோட வந்தேன். வர்ற வழியில உங்களப் பாத்தேன். பறவைய விட்டுட்டு உங்களத்தான் எடுத்தேன். அந்த வீடியோ இருந்த கம்ப்யூட்டர் வெள்ளத்துல போயிடுச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்தியில் கிடக்கிற உப்பை மிதிப்போம், அது வேலை. வாரிக் கொண்டுபோய்க் கரையில் அம்பாரமாகக் குவித்துவிட்டால் அது சோறு. அதன் மேல் ஏறுவதாக இருந்தால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவோம். எங்களில் நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; பாஞ்சாலை திரௌபதியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். இந்த விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் வித்தியாசம் கிடையாது. வலது கை தலையில் இருக்கிற கூடையைப் பிடித்திருக்கும். அதனால் இடது கை, இடது கண். உப்பு ஊறிய விரல் கண்ணில் பட்டால் சும்மா இருக்குமா? சுருக்கென்று எரியும், கண் தானாக ஒருமுறை மூடிக்கொள்ளும். அதை இந்தப் புண்ணியவான் கண்ணடி என்று எல்லோரும் நினைக்கும்படி ஒரு பொம்மைக்கு வைத்துவிட்டான்.

"டேய், அப்பத் திருட்டு நெசந்தானே?" என்றேன். எனக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "அவன் என்னா தப்பா சொல்லிட்டான்? திருடுன வீட்டத்தான் மாத்திச் சொல்லிட்டான். என் கால எடுத்து ஒரு பொம்மைக்கு மாட்டி ஊரெல்லாம் நடக்க வுட்டிருக்கிற. ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக்கலக்கா. அப்போ கேக்கணும்னே தோணல" என்றான். பொய் சொல்லாமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் முகத்தைத் தூக்கியே வைத்துக்கொண்டேன்.

"மொதல்ல படத்தக் காட்டு. என் கால் என்னா லட்சணத்துல நடக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் பேசறேன்."

மத்தியானக் கஞ்சி நேரத்தில், கொட்டகையில், பத்துப் பதினைந்து பேர் ஒரு சின்னப் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். படம் நன்றாக இருந்தது என்று சொன்னால் எனக்கு வாய் வெந்துவிடும். கதை எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று கடைசி வரைக்கும் புரியவில்லை. ஆனால் ஏகாம்பரம் வந்தான் பாருங்கள். பானை வயிறு, கோட்டு, கறுப்புக் கண்ணாடி. பேங்க் லாக்கர் ரூமுக்கு முன்னால் வந்து, கண்ணாடியைத் தூக்கி, குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, ஒரு கண்ணை இறுக்கி மூடி, இடது காலை வெளியே வீசி ஒரு எட்டு வைத்தான்.

பாஞ்சாலை என் தொடையில் ஓங்கி அறைந்தாள். "அடியே சகாயசெல்வி! இது நீதான்டி! அய்யய்யோ, மீச வெச்ச நீ!"

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரை ஏறியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. முப்பது வருஷமாக நான் புடவையை இறக்கிக் கட்டி மறைத்த கால் அது. அந்தக் காலோடு ஒருத்தன் மதில் ஏறிக் குதிக்கிறான், ராக்கெட்டில் தொங்குகிறான், நாலு பேரை உதைக்கிறான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது, அப்படி ஒரு சந்தோஷம்.

"அந்தத் திண்டிவனத்துக்காரனுக்குப் போனப் போடு" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தார்த்தன் பைக்கில் வந்து இறங்கினான். தோளில் மூன்று கால் ஸ்டாண்டு. மரியாதையான பையன்தான், ஆனால் நம்பவில்லை. "வீடியோவப் பாத்துட்டு யார் வேணா அதே மாதிரி நடந்து காட்டலாம்ண்ணா. நான் தப்பு சொல்லியிருந்தா மாத்திடுவேன். ஆனா கண்ணால பாக்கணும்" என்று தமிழரசனிடம் சொல்லிவிட்டுக் கேமராவை வைத்தான்.

இங்கேதான் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் பண்ணினேன். ஏழு லட்சம் பேர் பார்க்கிற வீடியோ என்றானே, அழுக்குச் சட்டையும் தலையில் சும்மாடுமாகவா நிற்பது? வேலை முடிந்ததும் லைஃபாய் சோப்பு போட்டுக் கை கால் முகம் கழுவி, ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பாஞ்சாலை கனகாம்பரம் வைத்து, கழுத்து வரைக்கும் பவுடர் அடித்துவிட்டாள். சித்தார்த்தன் "ஸ்டார்ட்" என்றதும் அம்பாரத்தை நோக்கி நடந்தேன். எப்படி நடந்தேன்? கோயிலில் காணிக்கை கொண்டுபோகிற மாதிரி நடந்தேன். நல்ல காரியம் என்று வலது கையால் தொட்டேன். இரண்டு கண்ணிலும் பக்தியாக ஒற்றிக்கொண்டேன். சோப்பு போட்டுக் கழுவிய கையில் எரிச்சல் எங்கே வரும்? கண் அசையவே இல்லை. இடது கால்? அதைச் சொன்னால் வெட்கக்கேடு. கேமராவுக்கு முன்னால் கோணல் காலை எவள் காட்டுவாள்? பல்லைக் கடித்துக்கொண்டு அதை நேராகத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

இன்னொரு தடவை நடக்கச் சொன்னான். இன்னும் மோசமாக நடந்தேன். மூன்றாவது தடவை நானே வேண்டுமென்று கண்ணடித்தேன். அது உண்மையிலேயே கண்ணடி மாதிரி இருந்தது, பாஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள். சித்தார்த்தன் ஸ்டாண்டின் ஒரு காலை மடக்க ஆரம்பித்தான். தமிழரசன் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பரவால்லக்கா, நீங்க வந்ததே பெருசு" என்று சிரிக்கப் பார்த்தான். விடிந்தால் வெள்ளிக்கிழமை. என் பவுடராலும் சோப்பாலும் ஒருத்தனுக்குத் திருடன் என்ற பெயர் நிலைக்கப் போகிறது.

அப்போதுதான் காற்று மாறியது. மேற்கே பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்திருந்ததை எவரும் கவனிக்கவில்லை, எல்லோரும் என் நடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசோகன் மேஸ்திரியின் விசில் விடாமல் அலறியது. "மழ வருது! மூடுங்க, மூடுங்க!"

உப்பளத்துக்காரிக்கு மழை விசில் கேட்டால் பிறகு வேறு எதுவும் காதில் விழாது. கரை நெடுக இருபது அம்பாரம், ஒரு மாச உழைப்பு. வீட்டுக்குக் கிளம்பியவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் திரும்பி ஓடி வந்தார்கள். ஈஸ்டர் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஓடினேன். நனைந்த தார்ப்பாயின் ஒரு முனை என் வலது கையில், மறு முனை பாஞ்சாலையிடம். நேற்றைய உப்புத் தண்ணீர் அந்தத் தார்ப்பாய் மடிப்பில் தேங்கியிருந்தது, கையெல்லாம் வழிந்தது. அம்பாரத்தில் ஏறி, இழுத்து, மூங்கிலைப் போட்டு அழுத்தி, இறங்கி, அடுத்த அம்பாரத்துக்கு ஓடி, மறுபடி ஏறி. மழை சடசடவென்று முதுகில் அடித்தது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது.

நாலாவது அம்பாரத்தின் உச்சியில் மூச்சு வாங்க நிமிர்ந்தபோது இடது கண் எரிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். கரை நெடுகப் பெண்கள். அவசரத்திலும் ஒருத்திகூட விட்டுவிடவில்லை. ஒருத்தி ஓடிவந்து, குனிந்து, இடது கையால் தொட்டு, கண்ணில் ஒற்றி, அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏறினாள். அடுத்தவள் வந்தாள், குனிந்தாள், தொட்டாள், கண்ணை மூடினாள், ஏறினாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் இதை நான் நின்று பார்த்ததில்லை. நாற்பது பேரும் சேர்ந்து ஏதோ ரகசியக் கோட்டைக்குள் புகுகிற மாதிரிதான் இருந்தது.

சித்தார்த்தன் ஒற்றைக் கையால் கேமராவைப் பிடித்தபடி வரப்பில் சிலையாக நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "அண்ணா... நாப்பது ஏகாம்பரம்ண்ணா" என்றான்.

"ஏம்பா, எண்ணிக்கினு நிக்கிற நேரமா இது? அந்த முனையப் புடிடா!" என்று பாஞ்சாலை கத்தினாள். கேமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அவனும் இழுத்தான். தமிழரசன் ஏற்கெனவே சேற்றில் இரண்டு தடவை விழுந்து எழுந்திருந்தான்.

கால் மணி நேரத்தில் மழை விட்டது. இரண்டு அம்பாரத்தில் ஓரம் கரைந்துபோயிருந்தது, மீதி தப்பியது. நனைந்த கொட்டகையில் சித்தார்த்தன் கேமராவைத் துடைத்து, எடுத்ததையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டான். அதில் நான் தார்ப்பாயோடு ஓடுகிறேன். பூ தொங்குகிறது, பவுடர் வழிந்து முகம் கோடு கோடாக இருக்கிறது. இடது கால் வெளியே வீசுகிறது, ஒரு எட்டு, இன்னொரு எட்டு. பக்கத்தில் ஏகாம்பரம் அதே எட்டு வைக்கிறான். சித்தார்த்தன் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பிறகு தமிழரசனின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கண்ணா. எங்கயோ யாரோ எழுதியிருந்தத நம்பிச் சொல்லிட்டேன். இன்னிக்கு ராத்திரியே மாத்திப் போடுறேன். என்னான்னு போடட்டும், நீங்களே சொல்லுங்க" என்றான்.

தமிழரசன் கொட்டகையின் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான், அல்லது அழுதான்.

"நான் சொல்றேன், எழுதிக்க" என்றேன். "திருடுனது நெசம்னு போடு. மரக்காணத்துல, சகாயசெல்வி கிட்ட திருடுனான்னு போடு. அவ இப்பக் குடுத்துட்டான்னும் போடு."

சித்தார்த்தன் அப்படியே எழுதிக்கொண்டான். கம்பெனிக்காரர்கள் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று தமிழரசனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் திருடன் என்று மட்டும் இனி எவனும் சொல்ல முடியாது. கால் கழுவ எழுந்து போன தமிழரசன் வழியில் சட்டென்று நின்றுவிட்டான்.

பாஞ்சாலை தூரத்து வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கனத்த உடம்பு அவளுக்கு. தலை முதல் கால் வரைக்கும் நனைந்திருந்தும், இனிமேல்தான் நனைந்துவிடப் போகிற மாதிரி ஒவ்வொரு குட்டையையும் பார்த்துப் பார்த்துச் சுற்றி வந்தாள். இடுப்பில் காலிக் கூடை. வாயில் மழைக்குத் திட்டு. ஒரு திட்டுக்கு ஒரு எட்டு. தமிழரசனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஒரு குட்டி நோட்டை எடுத்தது. பக்கம் எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தான், பென்சிலை வைத்தான். என்ன நினைத்தானோ, நோட்டை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றான்.

"அக்கா, அடுத்ததுல ஒரு மகாராணி வர்றாங்க. உங்க நடைய எடுத்துக்கட்டுங்களா?"

பாஞ்சாலை வாயடைத்து நின்றதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கூடையைத் தலையில் ஏற்றி வைத்து, முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு, ஒரு வேலையும் பாக்கி இல்லாத அந்த நீள வரப்பில் கடைசி வரைக்கும் மெதுவாக நடந்து போய், திரும்பி, மறுபடி நடந்து வந்தாள்.